மெஸ், டிபன் கடை, பரோட்டா கடை: குடும்பத்தோடு சாப்பிட்டபின் மதிப்புரை எழுதும் முறை

பெரிய உணவகங்களைப் பற்றிச் சொல்லப் பத்திரிகைகளும் யூடியூப் காணொளிகளும் இருக்கின்றன. மதுரையில் ஏதோ ஒரு குறுக்குத் தெருவில் ஆறு மேசை போட்டு நடக்கும் மெஸ்ஸைப் பற்றி வெளியூர்க் குடும்பம் ஒன்று தெரிந்துகொள்வதற்குக் கூகுள் மேப்பில் யாரோ எழுதிவிட்டுப் போன நான்கு வரிதான் உண்டு. அந்த நான்கு வரியிலும் ‘சூப்பர்’, ‘வேற லெவல்’, ‘வேஸ்ட்’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. மாதத்தில் இரண்டு முறையாவது வீட்டாரோடோ நண்பர்களோடோ வெளியில் சாப்பிடுகிறவர்கள், இதைவிட உருப்படியாக எழுதத் தொடங்குவதற்கான வழிமுறை இது. மதுரையையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் பண்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

தனியாகச் சாப்பிட்டு எழுதுகிறவருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. ஒரே நேரத்தில் ஐந்தாறு இலைகள் விரிகின்றன. காரம் தாங்காத குழந்தை, பல் சரியில்லாத பாட்டி, சைவம் மட்டும் சாப்பிடும் சித்தி, அரைக் கிலோ பிரியாணியைத் தனியாளாக முடிக்கும் நண்பன் என்று வெவ்வேறு நாக்குகள் ஒரே சமையலைச் சுவைக்கின்றன. அவர்கள் சொல்வதை ஒன்றோடொன்று குழப்பாமல் வாங்கி எழுதத் தெரிந்துவிட்டால் மதிப்புரையில் பாதி வேலை முடிந்தது.

கிளம்புவதற்கு முன்

எந்தக் கடையைப் பற்றி எழுதக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உறவினர் நடத்தும் கடை, நீங்கள் வேலை பார்த்த கடை, உங்கள் வீட்டார் நடத்தும் கடைக்கு எதிரிலேயே இருக்கும் போட்டிக் கடை ஆகிய மூன்றையும் விட்டுவிடுவதே நல்லது. இப்படித் தொடர்புள்ளவர்கள் எழுதுவதையும், தள்ளுபடிக்கோ இலவசப் பண்டத்துக்கோ ஈடாக எழுதுவதையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது; தளங்கள் தாமாக முன்வந்து ஏற்கவேண்டிய அந்தத் தரநிலையும் விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை ஏற்பதில்லை. கல்லாவில் இருப்பவர் தெரிந்தவர் என்பதற்காக ஒரு பாயசம் சும்மா வந்துவிட்டால், எழுதும்போது அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நேரம். சிறு கடையில் ஒரே பண்டம் மணிக்கு மணி வேறு பண்டமாகிவிடும். காலை 7 மணிக்குக் குழைவாக இருந்த பொங்கல் 9.30-க்குக் கரண்டியில் வெட்டி எடுக்கும் பதத்துக்கு வந்திருக்கும். பரோட்டா கடையில் மாலை முதல் ஈட்டில் கெட்டியாக இருந்த சால்னா, கடை அடைக்கும் நேரத்தில் வெந்நீர் ஊற்றி நீட்டப்பட்டிருக்கலாம். மெஸ்ஸில் மீன் குழம்பு மதியம் 2 மணிக்கு மேல் கிடைப்பதே அபூர்வம். கிழமையையும் பார்க்கவேண்டும்: புரட்டாசி மாதத்திலும் அமாவாசை அன்றும் அசைவக் கடைகளில் விற்பனை குறையும், அதனால் சமைக்கும் வகைகளும் குறையும், பெரிய முகூர்த்த நாளில் மாஸ்டர் கல்யாணச் சமையலுக்குப் போயிருக்கலாம், தீபாவளி, பொங்கல் முடிந்த வாரத்தில் ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்த நாள்களில் போகக் கூடாது என்று சொல்லவில்லை. போனால், எந்த நாளில் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது மதிப்புரையின் முதல் வரியில் இருக்கவேண்டும்.

பத்துப் பன்னிரண்டு பேராகப் போவதானால் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு மேசைக் கடையில் ஞாயிறு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேன் ஆட்களை இறக்கிவிட்டு, ‘சர்வீஸ் மிகவும் தாமதம்’ என்று எழுதுவது நியாயமாகாது.

என்ன கேட்பது

அனைவரும் ஒன்றையே கேட்காமல் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஆனால் எல்லாரும் சுவைக்கும் பொதுப் பண்டம் ஒன்றும் இருக்கவேண்டும். டிபன் கடையில் அது வெறும் இட்லியும் சாம்பாரும்; மெஸ்ஸில் குழம்பும் ரசமும்; பரோட்டா கடையில் சால்னா; பிரியாணிக் கடையில் தால்சாவும் தயிர்ப் பச்சடியும் தொடாத வெறும் சோறு. இவை அன்றாடம் அண்டா கணக்கில் செய்யப்படுபவை. கடையின் உண்மையான கைப்பக்குவம் இவற்றில்தான் தெரியும். பலகையில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும் ‘ஸ்பெஷல்’ வகைகளை வைத்து மட்டும் ஒரு கடையை எடைபோட்டால் ஏமாற வாய்ப்புண்டு.

கடை எந்த ஊர்ச் சமையலைச் செய்கிறது என்று விசாரித்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. திண்டுக்கல் பாணிப் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசிதான் போடுவார்கள். பாசுமதி போல நீளமாக இல்லை என்பது அதற்குக் குறையாகாது. ஆம்பூர் பிரியாணியோடு கத்தரிக்காய்த் தொக்கு வருவதும், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பாக வருவதும் அவற்றின் இயல்பு. ‘பரோட்டா முறுகலாக இருந்தது’ என்று விருதுநகர்க் கடைக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் சிரிப்பதோடு சரி, ஆனால் கடையின் சராசரி இறங்கத்தான் செய்கிறது.

சாப்பிடும்போது

படம் எடுப்பதானால் பரிமாறியவுடன், பிசைவதற்கு முன் ஒன்று, விலைப்பலகை ஒன்று. இரண்டு போதும். பக்கத்து மேசைக்காரர்களின் முகம் படத்தில் விழக் கூடாது. அடுப்படியைப் படமெடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். புகையில் நின்று வேலை செய்யும் அக்காமார்களின் முகத்தை அவர்கள் சம்மதமில்லாமல் உலகத்துக்குக் காட்டும் உரிமை நமக்கில்லை.

ஒவ்வொருவரின் கருத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். பந்தியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா ‘உப்பு கூடிப்போச்சு’ என்று சொன்ன மறுகணம், அதுவரை ரசித்துச் சாப்பிட்டவர்களுக்கும் உப்புக் கூடிவிடும். அவர் வாய் திறப்பதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். ‘நம்ம வீட்டுல இதைவிட நல்லா வைப்போம்’ என்ற வாசகம் எந்தக் குடும்பத்திலும் தவறாமல் வரும். அது கடையைப் பற்றிய தகவல் அன்று, விட்டுவிடுங்கள். பில்லைக் கொடுப்பவர் கொஞ்சம் கடுமையாகவும், விருந்தாளியாக வந்தவர் கொஞ்சம் தாராளமாகவும் பேசுவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

வாய் சொல்வதைவிட இலை கூடுதலாகச் சொல்லும். எழுவதற்கு முன் எல்லார் இலையையும் ஒருமுறை பாருங்கள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்ன அண்ணியின் இலையில், காரக்குழம்பு ஊற்றிய சோறு மட்டும் குழி கலையாமல் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். அவியலை இரண்டாவது முறை கேட்டு வாங்கிய இலைகள் எத்தனை, குழந்தை பாதியில் வைத்த தோசையில் நடுப்பகுதி வேகாமல் இருக்கிறதா, சுக்காத் தட்டில் கடைசி இரண்டு துண்டுகளை யாருமே தொடாமல் விட்டது ஏன் என்பவை பத்துக் கேள்விகள் கேட்டாலும் கிடைக்காத விவரங்கள்.

வீட்டாரோடு போனவர் மட்டுமே கவனிக்கக் கூடியவை இன்னும் சில உண்டு. இவற்றைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, உட்காருவது சாய்மானம் இல்லாத பெஞ்சா, நாற்காலியா, கழிப்பறை உண்டா, கை கழுவும் இடம் வழுக்குகிறதா, குழந்தைக்குக் காரமில்லாமல் ஒரு தோசை கேட்டால் முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார்களா, குடிக்க வெந்நீர் கிடைக்குமா, ஏசி அறையில் விலை வேறா, கார் நிறுத்த இடம் உண்டா. முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பும் ஒருவருக்குச் சட்னியின் பெருமையைவிட மாடிப்படி பற்றிய இந்த ஒரு வரி பயன்படும்.

சுவையை எழுதுவது

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘டேஸ்ட் நன்றாக இல்லை’ என்ற வரியைப் படிக்கிற வாசகருக்கும் பயனில்லை, கடைக்காரருக்கும் பயனில்லை. எது, எப்படி என்று சொல்லவேண்டும்; அதற்கு நம் வீட்டு அடுப்படிகளில் புழங்கும் சொற்களே போதும். குழம்பில் மசாலாவின் பச்சை வாசனை அடித்தால், அது போதிய நேரம் கொதிக்காமல் இறக்கப்பட்டிருக்கிறது. வடையிலோ அப்பளத்திலோ சிக்கு வாடை வந்தால், எண்ணெய் பலமுறை காய்ந்தது என்று ஊகிக்கலாம். தேங்காய்ச் சட்னி காறினால் தேங்காய் பழையது. மீனில் கவுச்சி நின்றால் கழுவியதும் புளியும் போதவில்லை, அல்லது மீனே பழையது. ஆட்டுக்கறி நார்நாராக இழுபட்டால் கறி முற்றல், அல்லது வேக்காடு போதாது. இட்லி தட்டையாகவும் கல்லாகவும் இருந்தால் உளுந்து குறைவு, அல்லது மாவு புளிக்கவில்லை. தோசை நாக்கைச் சுண்டும்படி புளித்தால் மாவு முந்தைய நாளுடையது.

ஆனாலும் நீங்கள் எழுதவேண்டியது நாக்கு அறிந்ததை மட்டுமே. காரணத்தை ஊகமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வடையில் சிக்கு வாடை இருந்தது, நாங்கள் நான்கு பேரும் அதை உணர்ந்தோம்’ என்பது உங்கள் அனுபவம். யாரும் மறுக்க முடியாது. ‘ஒரு வாரமாக மாற்றாத எண்ணெயில் பொரிக்கிறார்கள்’ என்பது நீங்கள் பார்க்காத ஒன்றைப் பற்றிய குற்றச்சாட்டு. பயன்படுத்திய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அதைக் கருவி வைத்து அளந்து சொல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். அந்த வேலையை நம் மூக்கு செய்ய முடியாது.

நல்லதைச் சொல்வதற்கும் இதே கவனம் வேண்டும். ‘ரசம் பிரமாதம்’ என்பதைவிட, ‘ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது, புளி மட்டாக இருந்தது, டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தோம்’ என்று எழுதினால், மிளகு பிடித்தவர் கிளம்பி வருவார், பிடிக்காதவர் வரமாட்டார். இரண்டும் கடைக்கு நல்லதுதான்.

பில்லைக் கையில் வாங்கியதும்

பில்லை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய, மாநிலப் பங்குகளாக இரண்டரை இரண்டரையாகப் பில்லில் பிரிந்து நிற்கும். காம்போசிஷன் முறையில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும் முறை) பதிவு செய்த சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் அதை 2025 மார்ச்சில் உறுதி செய்தது. மெஸ்களில் இந்தக் கட்டணம் வழக்கமில்லை என்றாலும், கொஞ்சம் அலங்காரமான ‘குடும்ப உணவகங்களில்’ எப்போதாவது தலைகாட்டும். பதிவு பெற்ற கடையானால், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் பில்லிலும் சுவரில் மாட்டிய சான்றிதழிலும் இருக்கவேண்டும். துண்டுத் தாளில் கூட்டிக் கொடுக்கும் கடையில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது; சுவரைப் பார்த்தால் போதும்.

பார்சல் வாங்கினால் எதில் கட்டித் தருகிறார்கள் என்றும் பாருங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போடுவதும், எண்ணெய் வடியும் வடையை அச்சடித்த செய்தித்தாளில் சுருட்டுவதும் இன்னும் நின்றபாடில்லை. வாழை இலையில் கட்டித் தருகிற கடையை அதற்காகவே பாராட்டலாம். வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோனால் ஊற்றித் தருவார்களா என்பதும் எழுதத் தகுந்த விவரம்.

எழுதும் வரிசை

அன்று இரவுக்குள் எழுதிவிடுங்கள். அதற்குள் நேரமில்லையென்றால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே குறிப்பு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், என்ன சாப்பிட்டோம், எது நன்றாக இருந்தது, எது இல்லை, யாருக்கு ஏற்ற கடை, செலவு என்ற வரிசை எனக்கு வசதியாக இருக்கிறது. ஒரு மாதிரி தருகிறேன்:

‘ஞாயிறு மதியம் 1.15 மணிக்கு, பாட்டியும் இரண்டு குழந்தைகளும் உட்பட ஆறு பேர் போனோம். இருபது நிமிடம் காத்திருந்தோம். மூன்று முழுச் சாப்பாடு, ஒரு மட்டன் சுக்கா, ஒரு அயிரை மீன் குழம்பு, குழந்தைகளுக்குக் கல்தோசை. எலும்புக் குழம்பு நீர்த்திருந்தாலும் மணமாக இருந்தது. ரசம் ஆறு பேருக்கும் பிடித்தது. சுக்காவில் கறி சற்று நாராக இருந்ததால் பாட்டியால் மெல்ல முடியவில்லை. காரம் கூடுதல், குழந்தைகளுக்கு மீன் குழம்பு ஆகாது. பொரியல் கேட்கக் கேட்கப் போட்டார்கள். வாசலில் நான்கு படி, கைப்பிடி இல்லை. விலைப்பலகையில் உள்ளபடியே பில் வந்தது. அடுத்த முறை 12.30-க்கே போவோம்.’

இந்த மாதிரியில் ‘சூப்பரும்’ இல்லை, ‘மோசமும்’ இல்லை. ஆனாலும் படிக்கிறவர் போவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம். பண்டங்களின் பெயரைக் கடைப் பலகையில் இருக்கிறபடியே எழுதுங்கள். தேடுகிறவர்கள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள். தமிழில் எழுதத் தயங்கவேண்டாம், மற்ற மொழிக்காரர்களுக்குக் கூகுள் மொழிபெயர்த்துக் காட்டிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். பரிமாறுகிறவர் எந்த மாநிலத்துக்காரர், என்ன மொழி பேசினார், கடைக்காரர் எந்தச் சாதி, எந்த மதம் என்பவற்றுக்கு மதிப்புரையில் இடமில்லை. சொன்னது சர்வருக்குப் புரியாமல் பண்டம் மாறி வந்திருந்தால், ‘கேட்டதை இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்’ என்று எழுதினால் முடிந்தது.

எத்தனை நட்சத்திரம்

ஒரு கடையை அதன் இனத்தோடு மட்டுமே ஒப்பிடவேண்டும். தள்ளுவண்டி இட்லியை நட்சத்திர விடுதி இட்லியோடு ஒப்பிட்டு நட்சத்திரத்தைக் குறைப்பது அபத்தம். நான் பின்பற்றும் கணக்கு எளிது: வெளியூரிலிருந்து வரும் நண்பரைத் தேடி அழைத்துப் போகத் தகுந்த கடைக்கு ஐந்து, பக்கத்தில் இருந்தால் தயங்காமல் போகலாம் என்றால் நான்கு, பசித்தால் போகலாம் என்றால் மூன்று. ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து ஒன்றோ இரண்டோ போடுவதற்கு, சுவைக் குறையைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கவேண்டும். பழைய கடைக்கு நூற்றுக்கணக்கான மதிப்புரைகள் இருக்கும், உங்களுடையது அதில் கரைந்துவிடும். திறந்து இரண்டு மாதமான கடைக்கு மொத்தமே ஏழு மதிப்புரை இருக்கும்போது நீங்கள் போடும் ஒற்றை நட்சத்திரம் அதன் சராசரியையே சரித்துவிடும்.

ஒரு மேசைக்கு ஒரு மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் மொத்தக் குடும்பமும் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்து ஒற்றை நட்சத்திரம் போடுவதும், நண்பன் கடை திறந்தான் என்று வாட்ஸ்அப் குழுவே திரண்டு ஐந்து போடுவதும் ஒரே தவறுதான்.

பெரிய குறை நேர்ந்தால்

முதலில் கல்லாவில் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல். மாற்றித் தந்தார்களா, பில்லில் கழித்தார்களா, முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா என்பதும் மதிப்புரையில் சேரவேண்டிய விவரமே. கெட்டுப்போன உணவு, பூச்சி போன்றவற்றுக்குப் படமும் பில்லும் வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ, ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலோ புகார் செய்யுங்கள். மதிப்புரையைப் படித்துவிட்டு யாரும் ஆய்வுக்கு வரமாட்டார்கள்.

மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே நேற்றைய கடையின் மேல் பழி போடுவது வழக்கம். ஸ்டேஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவோ 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் காரணம் முந்தாநாள் வீட்டில் சாப்பிட்ட முட்டையாகவும் இருக்கலாம். ஒரே பண்டத்தைச் சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு கெட்டால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் முதலில் போகவேண்டியது மருத்துவரிடம், பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையிடம். நிரூபிக்க முடியாததைப் பொதுவெளியில் எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்கீழ் அவதூறு வழக்கு வரக்கூடும். நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கும், பொதுநலனுக்காகச் சொல்லும் உண்மைக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறவர் அஞ்சவேண்டியதில்லை.

பதிவிட்ட பிறகு

கடைக்காரர் பதில் எழுதினால் படியுங்கள். ‘அன்றைக்கு மாஸ்டர் விடுப்பு, மறுபடி வாருங்கள்’ என்று அவர் எழுதியிருந்தால், முடிந்தபோது போய்ப் பார்த்துவிட்டுப் பழைய பதிவைத் திருத்துங்கள். அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டாம். முன்பு என்ன குறை, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்து வையுங்கள். நட்சத்திரத்தை உயர்த்தினால் பணம் திருப்பித் தருகிறோம் என்று தனியாக அழைத்துப் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிக்கடி போகும் கடைகளின் பதிவுகளை ஆண்டுக்கொரு முறையாவது திறந்து பாருங்கள்: மாஸ்டர் மாறியிருப்பார், விலை ஏறியிருக்கும், கடை பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். மூடிய கடையானால் மேப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறித்துவிடுங்கள். பசியோடு ஒரு குடும்பம் அங்கே வந்து நிற்காமல் இருக்கும்.